கரப்பான் என்னும் எக்ஸிமா: வீட்டில் செய்யக்கூடியவை

இவ்வாண்டு மலரில் சமயக் கட்டுரைகளோடு உடல்நலம் பற்றியும் ஒரு கட்டுரை இடம்பெற வேண்டும் என்று மலர்க்குழுவினர் தீர்மானித்து, அப்பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தனர். நான் மருத்துவன் அல்லன். 33 ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆயினும் எக்ஸிமா எனப்படும் தோல் நோயை இரண்டு இடங்களில் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒன்று என் வகுப்பறை, மற்றொன்று என் வீடு. என் பேத்திக்கு நான்கு மாதமானபோது கன்னத்தில் தோன்றிய நோய், இன்று அவள் தொடக்கநிலை 5இல் படிக்கும்போதும் முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் அவ்வப்போது தலைகாட்டுகிறது. மகனும் மருமகளும் வேலைக்குச் செல்வதால் பகற்பொழுதில் அவளைப் பார்த்துக்கொள்வது நானும் என் துணைவியாரும்தான். ஆலயத்திற்கு வரும் தாத்தா பாட்டிகளில் பலரும் இதே நிலையில் இருப்பதை அறிவேன். மருத்துவர்கள் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவற்றையும், செய்து பார்த்துப் பயன் கண்டவற்றையும் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. 40 பேர் உள்ள வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். இது ஒட்டுவாரொட்டி நோய் அன்று. தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் உண்டால் ஒட்டாது, ஒரே பாயில் படுத்தாலும் ஒட்டாது. வட்டமாக நின்று கைகோத்து விளையாடும்போது, எக்ஸிமா உள்ள மாணவனின் கையைப் பிடிக்க மறுத்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் “அவனைத் தொடாதே” என்று சொல்லியனுப்பியதன் விளைவு அது. அன்னதானப் பந்தியிலும் இவ்வாறு நகர்ந்து அமர்பவர்கள் உண்டு. வேண்டியதில்லை.

பெயரில் உள்ள குழப்பம்

நம்மவர்கள் கரப்பான், சொறி, சிரங்கு, படை எல்லாவற்றையும் ஒன்றாகவே பேசுகிறோம். மருத்துவத்தில் இவை வெவ்வேறு. கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி தோலைத் துளைப்பதால் வருவது ஒரு வகைச் சொறி. அது ஒட்டக்கூடியது. விரலிடுக்குகளில் இரவில் கடுமையாக அரிக்கும், வீட்டில் ஒருவர் பின் ஒருவராகச் சொறிவார்கள். வட்டவட்டமாக விளிம்பு தடித்துப் பரவும் படர்தாமரை ஒரு பூஞ்சை நோய். எக்ஸிமாவுக்குக் கொடுத்த களிம்பைப் படர்தாமரைக்குப் பூசினால் முதலில் அரிப்பு அடங்கும், பின்னர் அது முன்னைவிட அகலமாகப் பரவும். பக்கத்து வீட்டாரின் மருந்தைக் கடன் வாங்கிப் பூசக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதிய காரணம். முதலில் மருத்துவர் ஒருவர் பார்த்து, இன்ன நோய் என்று சொல்லட்டும்.

தோலில் என்னதான் நடக்கிறது?

தோலின் மேற்பகுதியை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். தோலணுக்கள் செங்கற்கள். அவற்றுக்கிடையே உள்ள கொழுப்புப் பசை சுண்ணாம்புச் சாந்து. எக்ஸிமா உள்ளவர்களின் சுவரில் சாந்து குறைவு. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறிவிடுகிறது. வெளியிலிருந்து தூசி, சவர்க்காரம், கிருமி ஆகியவை உள்ளே புகுகின்றன. உடல் அவற்றை எதிர்த்துப் போராடுவதே அழற்சியும் அரிப்பும். சொறியச் சொறியச் சுவர் மேலும் இடிகிறது, அதனால் அரிப்பு மேலும் கூடுகிறது.

2006ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் ஒரு முக்கியமான உண்மையைக் கண்டறிந்தனர். தோலைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் குறை இருந்தால் எக்ஸிமா வரும் வாய்ப்பு பெரிதும் கூடுகிறது என்பதே அது. எக்ஸிமா உள்ள எல்லாருக்கும் அந்தக் குறை இருப்பதில்லை. ஆனாலும் ஆஸ்துமா, மூக்கொழுகல், எக்ஸிமா ஆகிய மூன்றும் சில குடும்பங்களில் மாறி மாறி வருவதைக் காண்கிறோம்.

இதனை நான் விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குழந்தைக்குக் கரப்பான் வந்தவுடன், “பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது நீ கத்தரிக்காய் தின்றாய், இறால் தின்றாய்” என்று தாயின் மேல் பழி போடும் வழக்கம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. இரவெல்லாம் அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பெண்ணுக்கு அந்தச் சொல் பெரிய சுமை. அவள் உண்டதால் வந்த நோயன்று இது. “இரத்தம் கெட்டுவிட்டது” என்று சொல்லிப் பேதிக்குக் கொடுப்பதும் தேவையற்றது.

குளியலும் ஈரக்களிம்பும்

வீட்டில் நாம் செய்யக்கூடியவற்றுள் தலையாயது இதுவே. மருந்தைவிட இதற்கு உழைப்பு அதிகம், அதனால்தான் பலர் பாதியில் விட்டுவிடுகின்றனர்.

குளியல் ஐந்து முதல் பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். சுடுநீர் பட்டவுடன் அரிப்புக்கு இதமாகத்தான் இருக்கும், ஆனால் அரை மணியில் இரண்டு மடங்காகத் திரும்பும். நுரை பொங்கும் மணமுள்ள சவர்க்காரத்தைத் தவிர்த்து, மணமற்ற மென்மையான கழுவுதிரவத்தைப் பயன்படுத்துங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் ஈரம் இருக்கும்போதே, சுமார் மூன்று நிமிடத்திற்குள், ஈரக்களிம்பைப் பூசிவிட வேண்டும். முடி வளரும் திசையில் மேலிருந்து கீழாகத் தடவுங்கள். முன்னும் பின்னும் தேய்த்தால் மயிர்க்கால்கள் அடைபட்டுச் சிறு கொப்புளங்கள் வரக்கூடும். டப்பாவிலிருந்து களிம்பை விரலால் தோண்டாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள், இல்லையேல் கிருமி டப்பாவுக்குள் குடியேறிவிடும்.

எவ்வளவு பூசுவது? உடல் முழுதும் வறண்டிருக்கும் குழந்தைக்கு வாரம் 250 கிராம், பெரியவருக்கு 500 கிராம் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. அதாவது 500 கிராம் டப்பா குழந்தைக்கு இரண்டே வாரம் வரும். “போன தீபாவளிக்கு வாங்கியது, இன்னும் பாதி இருக்கிறது” என்று பெருமையாகச் சொன்ன அன்பர் ஒருவரை நான் அறிவேன். அவர் பூசவே இல்லை என்றுதான் பொருள். விலை உயர்ந்த சிறு புட்டியைவிட, மணமற்ற, மலிவான, தாராளமாகப் பூசக்கூடிய பெரிய டப்பாவே மேல். தோல் நன்றாக இருக்கும் நாட்களிலும் காலை மாலை இரு வேளையும் பூச வேண்டும்.

இங்கே ஒரு குறிப்பு. ‘ஏக்வியஸ் கிரீம்’ என்னும் வெள்ளைக் களிம்பைப் பல ஆண்டுகளாக நம் வீடுகளில் பயன்படுத்தி வருகிறோம். அதன் பழைய வகைகளில் சோடியம் லாரில் சல்பேட் என்னும் நுரைப்பொருள் கலந்துள்ளது. பூசி அப்படியே விட்டுவிட்டால் சில குழந்தைகளுக்கு எரிச்சல் உண்டாகலாம் என்று 2013இல் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. பூசியவுடன் குழந்தை எரிகிறது என்று அழுதால் அடம் என்று எண்ணாமல், டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். வேறு களிம்பைக் கேட்டு வாங்குங்கள்.

மற்றொரு குறிப்பு நம் வீடுகளுக்கு மிகவும் வேண்டியது. களிம்பு ஊறிக் காய்ந்த துணி எளிதில் தீப்பற்றும். துவைத்தாலும் முழுமையாகப் போவதில்லை. 2018இல் அதே பிரிட்டிஷ் அமைப்பு இதுபற்றியும் எச்சரிக்கை விடுத்தது. களிம்பு பூசிய குழந்தையைக் குத்துவிளக்கின் அருகிலும் கற்பூரத் தட்டின் அருகிலும் கவனமாக நிறுத்துங்கள். தீபாவளியன்று மத்தாப்புக் கொளுத்தும்போது புதிய சட்டை இருக்கட்டும். பழைய இரவுச் சட்டையோடு விட வேண்டாம்.

மருந்துக் களிம்பைக் கண்டு அச்சம்

தோல் வீங்கிக் கன்றிப்போனபின் ஈரக்களிம்பு மட்டும் போதாது. அப்போது மருத்துவர் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தருவார். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம்மில் பாதிப்பேர் மருந்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். ஸ்டீராய்டு களிம்பு புதிய சரக்கன்று. ஹைட்ரோகார்ட்டிசோன் 1952 முதலே தோல் நோய்க்குப் பூசப்பட்டு வருகிறது. அதில் மிக மென்மையானது, நடுத்தரமானது, கடுமையானது எனப் படிகள் உண்டு. முகத்துக்கு மென்மையானது, கை கால்களுக்குச் சற்றுக் கூடியது என்று மருத்துவர் பார்த்துத் தருகிறார். கடுமையானதை முகத்திலும் அக்குளிலும் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும் என்பது உண்மையே. அதற்காகச் சொன்ன இடத்தில் சொன்ன நாளளவு பூசவும் அஞ்சினால், நோய் நீடித்து, சொறிந்து சொறிந்து தோல் யானைத் தோல்போல் தடித்துவிடும்.

அளவுக்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. 1991இல் பிரிட்டனில் வகுக்கப்பட்டது. பெரியவர் ஒருவரின் சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை குழாயிலிருந்து பிதுக்கினால் அது ஏறத்தாழ அரை கிராம். விரல்களைச் சேர்த்து விரித்த இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதுமானது. 15 கிராம் குழாயில் 30 விரல்நுனி அளவு இருக்கிறது. பெரியவரின் ஒரு கைக்கு மூன்று, ஒரு காலுக்கு ஆறு வேண்டும். அடிக்கடி நோய் கிளம்பும் வீட்டில் ஒரு சிறு குழாய் ஓராண்டு வருகிறதென்றால் அளவு போதவில்லை என்று அறியலாம். ஈரக்களிம்புக்கும் மருந்துக் களிம்புக்கும் இடையே 15 முதல் 30 நிமிடம் இடைவெளி விடுங்கள். இரண்டையும் குழைத்து ஒன்றாகப் பூசாதீர்கள்.

மேலும், தோல் ஆறியதுபோல் தெரிந்தவுடன் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். கண்ணை மூடி விரலால் தடவிப் பார்க்கும்போது சொரசொரப்பு இருந்தால் அழற்சி இன்னும் அடங்கவில்லை. அடிக்கடி வரும் இடங்களில் ஆறிய பின்னும் வாரம் இருமுறை பூசச் சொல்லும் முறையும் உண்டு. என் பேத்திக்கு அப்படித்தான் அமைந்தது. இதனை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பெயரில்லாப் புட்டிகள்

ஸ்டீராய்டுக்கு அஞ்சும் நாம், அதைவிட ஆபத்தான ஒன்றை அஞ்சாமல் வாங்குகிறோம். “முழுக்க முழுக்க மூலிகை, பக்க விளைவே இல்லை” என்று கைமாறி வரும் களிம்புகளைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் உறவினர் கொண்டுவந்த களிம்பைப் பூசியதும் மூன்றே நாளில் குழந்தையின் தோல் பளிங்குபோல் ஆயிற்று. எல்லாரும் மகிழ்ந்தனர். நிறுத்தினால் நோய் இரட்டிப்பாக வந்தது, ஆகவே தொடர்ந்து பூசினர். சில மாதங்களில் குழந்தையின் கன்னம் உப்பி முகம் உருண்டு போயிற்று. மூலிகை என்ற அந்தப் புட்டிக்குள் கடுமையான ஸ்டீராய்டு இருந்தது பின்னர்தான் தெரிந்தது. நம் சுகாதார அறிவியல் ஆணையம் இத்தகைய களிம்புகளைப் பற்றிப் பலமுறை பொதுமக்களை எச்சரித்துள்ளது. சேர்பொருட்கள் அச்சிடப்படாத எந்தக் களிம்பும் வேண்டாம். மூன்று நாளில் மாயம்போல் குணமானால் ஐயப்படுங்கள். ஏற்கெனவே பல வாரமாகப் பூசி வந்திருந்தால் திடீரென நிறுத்தாமல், புட்டியையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள். உடல் அதற்குப் பழகியிருக்கும், படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

நம் நிறமும் நம் வழக்கங்களும்

மருத்துவக் கையேடுகளில் எக்ஸிமா என்றால் செக்கச்செவேலென்று படம் போட்டிருக்கும். நம் மாநிறத்திலும் கறுப்பிலும் அந்தச் சிவப்பு தெரியாது. கருஞ்சாம்பலாகவோ கருநீலமாகவோ, சிறு சிறு புள்ளிகளாகவோதான் தெரியும். ஆகவே நோய் கடுமையாக இருந்தும் “இலேசாகத்தான் இருக்கிறது” என்று நினைத்துவிடுகிறோம். ஆறிய பிறகு அவ்விடம் வெளுத்தோ கறுத்தோ சில மாதங்கள் இருக்கும். பெரும்பாலும் அது அழற்சி விட்டுச்சென்ற தடம். மருந்துதான் தோலை வெளுக்க வைத்தது என்று முடிவு கட்டி நிறுத்திவிட வேண்டாம். வெண்குஷ்டம் என்று அஞ்சவும் வேண்டாம்.

தேங்காய் எண்ணெய் நல்லதா என்று கேட்பவர்கள் பலர். சுத்தமான, மணம் சேர்க்காத செக்குத் தேங்காய் எண்ணெய் வறண்ட தோலுக்கு ஓரளவு நன்மை செய்யும். 2014இல் வெளியான பிலிப்பீன்ஸ் ஆய்வு ஒன்றில் 117 குழந்தைகளுக்குப் பூசிப் பார்த்தபோது கனிம எண்ணெயைவிட அது நன்றாகவே பயன் தந்தது. தலைக்குத் தடவும் வாசனை எண்ணெயை இதனோடு சேர்க்காதீர்கள். ஆலிவ் எண்ணெய் தோலின் சுவரை மேலும் பலவீனமாக்குவதாகக் கண்டுள்ளனர்; தவிர்க்கலாம். மஞ்சளும் வேப்பிலையும் நமக்குப் புனிதமானவை. எனினும் புண்ணான தோலில் அரைத்து அப்பினால் எரிச்சலே மிஞ்சும். கல் உப்பும் எலுமிச்சையும் கலந்து குளிப்பாட்டுவதும் அப்படியே.

குழந்தையைக் கடலை மாவும் பயத்தமாவும் தேய்த்துக் குளிப்பாட்டுவது நம் பாட்டிமார் வழக்கம். நல்ல தோலுக்கு அது சரி. வெடித்த தோலில் உணவுப் பொருளைத் தேய்த்தால், உடல் அந்த உணவையே பகையாகக் கருதத் தொடங்கலாம். ஜப்பானில் கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சவர்க்காரத்தைப் பயன்படுத்தியவர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை உணவே ஒவ்வாமல் போயிற்று. 2010ஆம் ஆண்டுவாக்கில் பெரிதாகப் பேசப்பட்டது. குளித்தபின் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் இக்குழந்தைகளுக்கு விட்டுவிடலாம். மூச்சிரைப்பு உள்ளவர்களுக்குப் புகை ஆகாது. திருநீறு சாம்பலாதலால் தோலை உலர்த்தும். புண்ணுள்ள நெற்றியில் பட்டையாகக் குழைத்துப் பூசாமல் கீற்றாக இட்டுக்கொண்டால் போதும். கடைக் குங்குமத்தில் சாயம் கலந்திருப்பதுண்டு. நெற்றியில் அரிப்பு தோன்றினால் சில வாரம் நிறுத்திப் பாருங்கள்.

உணவைப் பற்றி நம்மவர்கள் சொல்லும் ‘கரப்பான் பண்டங்கள்’ பட்டியல் நீளமானது. கத்தரிக்காய், கருவாடு, இறால், முட்டை என்று போய்க்கொண்டே இருக்கும். ஒரு குறிப்பிட்ட உணவை உண்ட இரண்டு மணி நேரத்திற்குள் தடிப்போ வாந்தியோ ஒவ்வொரு முறையும் வருகிறதென்றால் மருத்துவரிடம் சொல்லிச் சோதிக்க வேண்டும். மற்றபடி சந்தேகத்தின் பேரில் பாலையும் முட்டையையும் வளரும் பிள்ளையிடமிருந்து பறிப்பது தவறு. எடை குறையும். அன்றியும், நெடுநாள் நிறுத்திய உணவை மீண்டும் கொடுக்கும்போது புதிதாக ஒவ்வாமை தோன்றவும் கூடும்.

நம் ஊர்ப் புழுக்கமும் வியர்வையும் அரிப்பைக் கூட்டும். வெளியே விளையாடிவிட்டு வந்தவுடன் வியர்வையைக் கழுவி, உலர்ந்த பருத்திச் சட்டை மாற்றுங்கள். திருவிழாவுக்குப் பட்டுப்பாவாடை கட்டினால் உள்ளே பருத்திப் பாவாடை இருக்கட்டும். நகங்களை வாரந்தோறும் வெட்டுங்கள். 2013 ஜூன் மாதம் புகைமூட்டம் 401 என்ற அளவைத் தொட்டபோது என் மாணவர்கள் பட்ட பாடு நினைவிருக்கிறது. அத்தகைய நாட்களில் சன்னலைச் சாத்தி, ஈரக்களிம்பை இன்னொரு முறை கூடுதலாகப் பூசுங்கள். “சொறியாதே” என்று அதட்டிப் பயனில்லை. பிள்ளையால் முடிந்தால் நிறுத்தியிருக்காதா? ஈரத்துணியை அவ்விடத்தில் வைத்து, கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்? மஞ்சள் நீர் கசிந்து பொருக்குத் தட்டினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அன்றே செல்லுங்கள். ஒரே அளவிலான சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி, குத்தி எடுத்தாற்போல் புண்ணாகி, பிள்ளை சோர்ந்து படுத்தால் அது ஹெர்ப்பீஸ் கிருமியாக இருக்கலாம். அதற்கு இரவென்றும் பகலென்றும் பார்க்கக்கூடாது, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கே செல்ல வேண்டும். உதட்டில் சிறு கொப்புளம் உள்ள பெரியவர்கள் இக்குழந்தைகளை முத்தமிடாமல் இருப்பது நல்லது. வீட்டுப் பராமரிப்பெல்லாம் ஒழுங்காகச் செய்தும் அடங்காதவர்களுக்கு மண்டலே சாலையில் 1988 முதல் இயங்கிவரும் தேசியச் சரும நிலையம் இருக்கிறது. பலதுறை மருந்தகத்தின் வழியே சென்றால் உதவித்தொகையுடன் கூடிய கட்டணம். கடுமையான நோய்க்கு டூபிலுமாப் போன்ற ஊசி மருந்துகளும் 2017க்குப் பின் வந்துள்ளன. விலை அதிகம் என்றாலும் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, நம் ஆலயத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. எக்ஸிமா குழந்தைகளுக்கு மட்டும் வருவதன்று. அன்னதானத்திற்குப் பாத்திரம் கழுவுவோர், புளி கரைப்போர் கைகளில் வெடிப்பு வருவதைக் காண்கிறோம். நாள்தோறும் பூண்டு உரிப்பவர்களுக்கு இடக்கை விரல் நுனிகளில் மட்டும் தோல் உரியும். மாலை கட்டுவோருக்குச் செவ்வந்திப் பூ ஒவ்வாமல் போவதுண்டு. கையுறையை நேராக ரப்பரோடு அணியாமல், உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை போட்டு அதன்மேல் அணியுங்கள். இருபது நிமிடத்திற்கு ஒருமுறை கழற்றி வியர்வை உலர விடுங்கள். மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கழுவுங்கள். சவர்க்கார நீர் அதன் அடியில்தான் தங்கும். மடப்பள்ளிக் கழுவுமிடத்தின் மேல் தட்டில் இருவகைக் கையுறைகளும் ஈரக்களிம்பு டப்பா ஒன்றும் வைத்திருக்கிறோம். சிறிய அளவுக் கையுறை வேண்டுவோர் அலுவலகத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.